ஈரக்குலை

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் தாதி கோமளா. வலப்பக்கம் சாய்ந்து, விலாவுக்கு அடியில் சுருட்டிவைத்த துண்டு அழுத்த, இரண்டு மணி நேரம் இப்படியே கிடக்க வேண்டும், அப்புறம் நாலு மணி நேரம் மல்லாந்து, இருமல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இரும வேண்டுமாம். அசையாதே என்று சொன்ன நிமிஷத்திலிருந்து உள்ளங்கை அரிக்கிறது, பாதம் அரிக்கிறது, காதுக்குப் பின்னால் அரிக்கிறது, ஆனால் அரிப்பு இன்றைக்கு வந்ததில்லை, அரிப்பு வந்து பத்தொன்பது நாளாகிறது, வேண்டாம், நாளை எண்ண வேண்டாம், எண்ணினால் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். கடிகாரத்தைப் பார்க்கலாம். எதிர்ச் சுவரில் பத்து ஐம்பது. ஊசி உள்ளே போனது பத்து இருபதுக்கு. "மூச்சை வெளிய விடுங்க, அப்படியே பிடிச்சுக்குங்க" என்று டாக்டர் நோராய்னி மலாயில் சொன்னார், பிடித்தேன், டக்கென்று ஒரு சத்தம், கடையில் திரைச்சீலைக்கு வளையம் அடிக்கிற மெஷின் போடுமே அந்தச் சத்தம், அவ்வளவுதான், என் ஈரலில் ஒரு நூலிழை வெளியே வந்து சின்னக் குப்பிக்குள் போய்விட்டது. பார்க்காதீங்க என்றார்கள். பார்த்தேன். பழுப்பு நூல், அதில் கொஞ்சம் பச்சை ஓடியிருந்தது. ஈப்போவில் முப்பது வருஷமாக ஜன்னல் திரை தைக்கிறவள் நான், தவமணி தைத்தால் நிறம் தப்பாது என்று முதலாளியம்மாவே சொல்லுவார், நூலின் நிறத்தைப் பார்க்காதே என்றால் எப்படி. அந்த நூலை இப்போது எங்கேயோ ஒரு மேசையில் வைத்துச் சீவிக்கொண்டிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் நான் என்ன குடித்தேன் என்று தெரிந்துவிடுமா? தெரிந்துவிட்டால் நல்லது, நான் வாயைத் திறக்க வேண்டாம். தெரியாமல் போனால்? தெரியாமல் போனாலும் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு ஓடி வருகிறது, வந்த வேகத்தில் அதற்கே வெட்கமாகி நின்றுவிடுகிறது. வலது தோளில் வலி. வயிற்றில் குத்தினால் தோள் ஏன் வலிக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்தால் தோளில்தான் தெரியும் என்று யாரோ சொன்னார்களே, கோமளாவா, அவள் "கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீங்க, அதிகமானா கூப்பிடுங்க" என்றாள், கொஞ்சம் எவ்வளவு, அதிகம் எவ்வளவு, அதற்கு அளவுநாடா இருக்கிறதா.

காலையில் அவள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை? இல்லை. ரத்தக்கொதிப்பு? இல்லை. பீர், சம்சு ஏதாவது? ஐயோ, இல்லை. "நாட்டு மருந்து, சீன மருந்து, கடையில வாங்குற தூள், லேகியம்?" இல்லை. மற்ற மூன்று இல்லையைவிட அந்த இல்லை கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியவில்லை, பேனா ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது, எனக்குத்தான் அந்தக் குறி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மூன்றாவது தடவை அது. முதல் தடவை, கண் மஞ்சளாக இருக்கிறது என்று கடைக்கு வந்த ஒரு சீன அம்மா சொல்லி நான் இங்கே வந்த அன்று, டாக்டர் நோராய்னி கேட்டார். அவரைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர், வெள்ளை அங்கி, கையில் சின்ன நோட்டு. ஆறு பேனாவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. படிக்காத பொம்பளை, கண்டதை வாங்கித் தின்றிருக்கும் என்று எழுதிக்கொள்ளத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தது. இல்லை என்றேன். இரண்டாவது தடவை ரத்தப் பரிசோதனை வந்தபோது, அவர் தனியாகத்தான் இருந்தார், அன்புடன்தான் கேட்டார், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நாற்பதுக்குள்ள இருக்க வேண்டிய ஈரல் கணக்கு தொள்ளாயிரத்துல நிக்குது, கிருமி இல்ல, கல்லு இல்ல, வேற ஒண்ணுமே கிடைக்கல." அப்போது எப்படி மாற்றிச் சொல்வது. ஒரு தடவை தப்பாக வெட்டின துணியில் அடுத்த வெட்டும் அதே கோட்டில்தான் போகும். அன்றைக்கு அவர் ஒரு தாளில் ஈரலை வரைந்து காட்டினார், வரைந்தது முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. "நீங்க சாப்பிடறது, குடிக்கிறது எல்லாம் முதல்ல இங்கதான் வரும். எல்லாத்தையும் இதுதான் பிரிச்சு, சுத்தம் பண்ணி அனுப்பும். பாவம், இதுக்கு வலிக்காது. முக்கால்வாசி கெட்டுப்போற வரைக்கும் வாயே திறக்காது." எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் டாக்டர் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இப்போது அவருக்கு ஒரு சந்தேகம், என் உடம்பே என் ஈரலைத் தின்கிறதோ என்று. அதைப் பார்க்கத்தான் இந்த ஊசி. அப்படியென்றால் பெரிய மருந்து, மாசக்கணக்கில், எலும்பை அரிக்குமாம், முகம் வீங்குமாம். ஒரு இல்லை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

சீன வைத்தியர் சின்சே லாவ் இப்படியெல்லாம் கேட்கவில்லை. மாசி மாசம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்குகிறது, தூக்கம் வரவில்லை, சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்று நான் புலம்பியதும் முதலாளியம்மா அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒல்லியான மனுஷர், தோள்பட்டையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார், வைத்தியருக்கே பிளாஸ்திரியா என்று நினைத்தேன். நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார், வைத்து நடுவிரலை மட்டும் அழுத்தினார், எடுக்கவேயில்லை, வெளியே ஒரு லாரி போய் முடிந்தது, அப்போதும் எடுக்கவில்லை. "இது ஈரல் நாடி," என்றார் மலாயில். "தந்திக் கம்பி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ, வயசாச்சு. ஆனா கண்ணுக்கு வாசல் ஈரல்தான்." நான் தலையாட்டினேன். "யார் மேல கோபம்?" என்றார். இப்படித்தான், துணி எத்தனை கஜம் என்கிற மாதிரி. யார் மேலயும் இல்லை என்றேன். அவர் முதலாளியம்மாவிடம் சீனத்தில் ஏதோ சொன்னார், முதலாளியம்மா என்னிடம் சொன்னார், எங்கள் வைத்தியத்தில் ஈரல் படைத்தளபதி, கோபம் அதனுடைய சேனை, வெளியே விடவில்லை என்றால் சொந்த ஊரையே அடிக்கும். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயசில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஏழு வருஷத்தில் யாராவது கேட்டார்களா. ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, கடைக்கு ஓடி, மதியம் ஓடிவந்து மறுபடி புரட்டி. கல்யாணம் கேட்டு வந்த இரண்டு இடத்தையும் அம்மா படுக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். தங்கச்சி வாசுகி வடக்கே பிறை ஊரிலிருந்து தீபாவளிக்கு வருவாள், முறுக்கு டப்பாவோடு வருவாள், அம்மா கன்னத்தில் முத்தம் கொடுப்பாள், சாயங்காலம் போய்விடுவாள். அது போகட்டும், அவளுக்கு வேலை, பிள்ளைகள், நான் அதற்குக் கோபப்படவில்லை. அம்மா போன அன்று கூடம் நிறைய ஆட்கள், நான் கோப்பித் தட்டோடு நடுவில் நிற்கிறேன், வாசுகி அழுதுகொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், "அக்கா இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அம்மா இருந்திருப்பாங்க." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான். நான் தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன், சீனி போட்டது இது, போடாதது இது என்றேன். நாலு வருஷமாகிறது. அம்மாவுக்குப் பயம் வந்தால் ஈரக்குலையே நடுங்கிருச்சுடி என்பாள். சின்சேவுக்கு ஈரலில் கோபம் இருக்கிறது, அம்மாவுக்கு ஈரலில் பயம் இருந்தது, டாக்டருக்கு அங்கே தொள்ளாயிரம் இருக்கிறது, என் விலாவுக்குக் கீழே துண்டு வைத்து அழுத்திக்கொண்டு கிடக்கிற இந்த ஒன்றில் இவர்கள் எல்லாருமா இருக்கிறார்கள்.

பதினொன்று இருபது. கோமளா வந்து கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள், நல்லாருக்கு என்றாள், தோள் வலி எப்படி என்றாள், இருக்கு என்றேன், போய்விட்டாள். சின்சே மேல் தப்பு இல்லை. அதை மட்டும் யாராவது எழுதிக்கொள்ள வேண்டும். அவர் கொடுத்தது பன்னிரண்டு பொட்டலம். ஹோ சௌ வூ என்கிற கிழங்கு, கறுப்பு அவரையோடு திரும்பத் திரும்ப வேகவைத்துக் காயவைத்தது, ஈரலுக்கும் முடிக்கும் நல்லது, யாரோ ஹோ என்கிற கிழவனுக்கு நரைத்த முடி கறுத்ததாம், அதனால் அந்தப் பேர். "பன்னிரண்டு நாள். அப்புறம் நிறுத்து. மூணு வாரம் கழிச்சு வா, நாடி பார்க்கணும். ரத்தமும் ஒரு தடவை பார்த்துக்கோ" என்று விரலை ஆட்டிச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளில் தூக்கம் வந்தது, முடி கொட்டுவது நின்றது போலிருந்தது, கண்ணாடியும் போட்டுக்கொண்டேன், ஊசியில் நூல் ஏறியது, அது கண்ணாடியாலா கிழங்காலா என்று யார் பார்த்தார்கள். அவரிடம் மறுபடி போனால் நடுவிரலை வைப்பார், மறுபடி கேட்பார், யார் மேல என்று. அந்தப் பயத்தில் பாசாரில் ஒரு கடையில் அதே பேர் சொல்லித் தூளாக வாங்கினேன், டப்பா டப்பாவாக. வேகவைத்ததா பச்சையா என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாசம் குடித்தேன். சித்திரையில் வாசுகி வந்தபோது என் தலையைத் தடவிப் பார்த்து "அக்கா, என்னக்கா பண்றே, பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது, அவள் என்னைப் பார்த்து எதையாவது கேட்டு எத்தனை வருஷமாகிறது. ஒரு டப்பாவைக் கொடுத்தேன். எப்படிக் குடிப்பது என்றும் சொன்னேன், காலையில் ஒரு கரண்டி, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கரண்டி, வெந்நீரில். அப்புறம் தபாலில் இன்னும் இரண்டு டப்பா அனுப்பினேன். அதுவரைக்கும் சரி. அதுவரைக்கும் நான் நல்ல அக்கா. அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை. மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி போனது, உள்ளங்கை அரித்தது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று தெரியாது, கை தானாகப் போய் டப்பாவை எடுத்தது, சாயங்காலமே குப்பைத் தொட்டியில் போட்டேன், மூடியை அழுத்தி மூடினேன். அப்புறம் போனை எடுத்தேன். வாசுகி பேரைக்கூடத் திறந்தேன். திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், உடம்பு முடியவில்லை என்று சொல்லலாம், நிச்சயமாகத் தெரியாமல் ஏன் அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லலாம், இந்த மூன்றையும் பத்தொன்பது நாளாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்றும் ஒரு சாண் சின்னதாகவே தைத்திருக்கிறது, எதுவும் ஜன்னலை மூடவில்லை. மறந்தவள் எப்படி எண்ணுவாள்? ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு எனக்குத் தெரியும். பிறையில் வேலை பார்க்கிற தொழிற்சாலைக் கேன்டீனில் வாசுகி பிளாஸ்க்கைத் திறப்பாள், ஒரு கரண்டி போட்டுக் கலக்குவாள். கடையில் மெஷினை மிதித்துக்கொண்டே நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

போன் அதிர்ந்தது. முதுகுக்குப் பின்னால், கட்டில் பக்கத்துப் பெட்டி மேல், தகரத்தில் உர்ரென்று. திரும்ப முடியாது. யார், முதலாளியம்மாவா, கடைப்பெண்ணா. கோமளா அடுத்த கட்டிலுக்குப் போகிற வழியில் எடுத்தாள். "வாசுகின்னு இருக்கு. மெசேஜ். படிக்கவா, அவசரமா இருக்கப் போகுது." வேண்டாம் என்று சொல்வதற்குள் படித்துவிட்டாள். "அக்கா, பவுடர் முடியப் போகுது. ரெண்டு நாளைக்குத்தான் வரும். இன்னொரு டப்பா அனுப்பு. எனக்கும் முடி நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சம் அசதிதான், வயசு." படித்துவிட்டுச் சிரித்தாள். "என்ன பவுடர் அது, எனக்கும் சொல்லுங்க." இதுதான் இடம். வாசல் தானாகத் திறந்து நிற்கிறது, உள்ளே காலை வைத்தால் போதும். "முகத்துக்குப் போடறது," என்று என் வாய் சொன்னது. "ஓ," என்றாள் கோமளா. முடி என்று படித்தவள் முகம் என்று கேட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை, அவளுக்குப் பத்துக் கட்டில், போனை வைத்துவிட்டுப் போனாள்.

அசதி. அசதி என்று எழுதியிருக்கிறாள். எனக்கும் முதலில் அசதிதான். மாடிப்படி ஏறினால் முழங்கால் விட்டுப்போகும், வயசு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன். அவள் இரண்டு மாசமாகக் குடிக்கிறாள், நான் மூன்று மாசத்தில் விழுந்தேன், கணக்கு எங்கே வரும், இன்னும் ஒரு மாசமா, இரண்டு வாரமா, இன்றைக்கு மதியத்துக் கரண்டியா. பதினொன்று ஐம்பத்தைந்து. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆகாதுதான், பாசார் கடையில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், எல்லாரும் மஞ்சளாகவா திரிகிறார்கள். ஆனால் அவள் என் ரத்தம். ஒரே வயிறு. என் மூக்குதான் அவளுக்கு, என் குட்டை விரல்தான் அவளுக்கு, எனக்கு ஒத்துக்கொள்ளாத கத்தரிக்காய் அவளுக்கும் ஒத்துக்கொள்ளாது, ஈரல் மட்டும் வேறாகவா இருக்கும். தோள் வலி அதிகமாகிறது, அதிகமாகிறதா, இல்லை நான் அதைக் கவனிக்கிறேனா. இங்கே நான் ரத்தம் கசிந்து செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. அந்தப் பழுப்பு நூல் டாக்டருக்கு ஏதோ சொல்லும், வாசுகிக்கு ஒன்றும் சொல்லாது. அவள் என் சாவுக்கு வந்து அழுவாள், வீட்டுக்குப் போய் வெந்நீர் கலக்குவாள். பன்னிரண்டு ஐந்து. நான் என்ன நினைத்தேன்? உண்மையிலேயே அந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனைப் பார்த்தபோது என்ன நினைத்தேன்? ஒரு நொடிதான். சொல்லிவிடலாம், இங்கே யார் கேட்கப் போகிறார்கள், சுவரும் கடிகாரமும்தான். அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும் என்று அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும். அவ்வளவு சின்னது. ஊசித் துளை மாதிரி. அதன் வழியாகப் பத்தொன்பது நாள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை, நாலு வயசில் காய்ச்சலில் கிடந்தபோது இவள் என் தாவணி நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே தூங்கினாள், அந்தத் துணியை அவள் கையிலிருந்து இழுக்க மனசில்லாமல் நான் அன்று பள்ளிக்கூடமே போகவில்லை. அந்தப் பிள்ளைக்கா. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் குடிக்கட்டும் என்று விட்டேன், இரண்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்கிறது. பன்னிரண்டு பதினைந்து. இப்போது கேன்டீனுக்கு நடந்துபோய்க்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் கோமளா கேட்பாள், டாக்டருக்குத் தெரியும், ஆறு பிள்ளைகளுக்கும் தெரியும், பொய் சொன்னவள் என்று தெரியும், பொய்கூடப் பரவாயில்லை, ஏன் அவளிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால். கேட்கட்டும். பன்னிரண்டு பதினெட்டு. பெல் பட்டன் எங்கே, தலைக்கு மேல், கை எட்டவில்லை, நீட்டினால் விலாவில் கத்தி இறங்குகிறது. "மிஸி!" என்றேன். "மிஸி! கோமளா! யாராவது வாங்க!"

கோமளா ஓடிவந்தாள். கட்டில் போர்வையை விலக்கி ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். "வலிக்குதா? எங்க?" "வலி இல்ல. அந்தப் பவுடர் முகத்துக்குப் போடறது இல்ல. குடிக்கிறது. நானும் குடிச்சேன். மூணு மாசம். என் தங்கச்சி இப்பக் குடிக்கப் போறா, பன்னிரண்டரைக்கு, போன் போடுங்க, எனக்குத் திரும்ப முடியல." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதில் என்ன இருந்தது என்று படிக்க எனக்கு நேரமில்லை, போனை எடுத்து அழுத்தி என் காதோடு வைத்துப் பிடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. "திரும்பப் போடுங்க." ஈரக்குலை நடுங்குவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரிந்தது, உண்மையிலேயே துண்டுக்கு மேலே அந்த இடம் நடுங்கியது, கோமளா என் இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை எடுத்தாள். "என்னக்கா, வரிசையில நிக்கறேன், என்ன இந்நேரத்துல?" பின்னால் தட்டுச் சத்தம். "குடிச்சிட்டியா?" "என்னத்த?" "பவுடரு!" "கலக்கி வச்சிருக்கேன், சூடா இருக்கு." "கொட்டு. குடிக்காத. கொட்டிடு வாசுகி." "ஏன், என்னாச்சு?" "எனக்கு ஈரல் கெட்டுப் போச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கறேன். அதுதான் காரணம்னு நெனைக்கறேன். நீ இப்பவே போய் ரத்தம் பாரு, நாளைக்கு இல்ல, இப்ப. கண்ணு மஞ்சளா இருக்கா? மூத்திரம் எப்படிப் போகுது?" வரிசையிலிருந்து தள்ளிப் போயிருக்க வேண்டும், தட்டுச் சத்தம் குறைந்தது. "எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள். இப்பத்தான் என்று சொல்லலாம். இன்று காலையில் டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம், கோமளாவைத் தவிர யாருக்குத் தெரியும், கோமளாவுக்கும் நாள் தெரியாது. "பத்தொன்பது நாளாச்சு," என்றேன். "பத்தொன்பது நாள்." "ஆமா." "நான் தினம் ரெண்டு வேளை குடிச்சிக்கிட்டிருக்கேன்." "ஆமா." "ஏங்கா?" அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும். "அம்மா போன அன்னைக்கு நீ சொன்னியே." "நான் என்ன சொன்னேன்?" சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்கிறாள். குரலே சொல்லியது. நாலு வருஷமாக நான் இரவும் பகலும் வைத்துக் கும்பிட்ட வாக்கியம் அவளிடம் இல்லவே இல்லை, சொன்ன இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கோமளா காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து குறையாமல் சொன்னேன். அன்றைக்கு அவளுடைய அழுகை அதில் எந்த இடத்தில் வந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். தட்டுச் சத்தமும் நின்றது. "வச்சிட்டாங்க," என்றாள் கோமளா.

ரத்தம் பார்க்கப் போவாளா, கோபத்தில் வேண்டுமென்றே போகாமல் இருந்துவிடுவாளா, என்னைப் போல. அந்த நினைப்போடு மல்லாந்து படுக்க வைத்தார்கள். கூரையில் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் இறக்கையை எண்ணிக்கொண்டு கிடந்தேன். டாக்டர் நோராய்னி ஒன்றரைக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை, தனியாக. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார், அந்தக் கிழங்கின் பேரை நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டினார். அது பல பேருக்கு ஒன்றும் செய்யாது, சில பேர் உடம்புக்கு ஆகாது, அந்தச் சில பேர் ஒரே குடும்பத்தில் இருக்கலாம் என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஊசி தேவைப்பட்டிருக்காதுன்னு நெனைக்கறேன்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சின்சே கொடுத்தது இல்ல டாக்டர், அவர் நிறுத்தச் சொன்னார், ரத்தமும் பார்க்கச் சொன்னார், நான்தான் பாசார்ல வாங்கினேன், அதையும் எழுதிக்கங்க," என்றேன். எழுதிக்கொண்டார். "நிறுத்தி எத்தனை நாளாச்சு?" சொன்னேன். காலையில் எடுத்த ரத்தத்தில் தொள்ளாயிரம் அறுநூறாக இறங்கியிருக்கிறதாம், ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் இருந்தாராம், இப்போது தெரிகிறதாம். அந்தப் பெரிய மருந்து இப்போதைக்கு வேண்டாம், நூலின் முடிவு வரட்டும், வாரா வாரம் வரணும். எழுந்தபோது என் போர்வையைச் சரி செய்தார். "தங்கச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா?" "சொல்லிட்டேன்." "என்ன சொன்னாங்க?" "வச்சிட்டா."

இரண்டரை. மூன்று. போனை இப்போது என் வயிற்றின் மேல் வைத்திருக்கிறார்கள், அது சும்மா இருக்கும்போதும் அதிர்கிற மாதிரியே இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக. அவள் கண் மஞ்சளாக இருந்திருந்தால் கேன்டீனில் யாராவது சொல்லியிருப்பார்கள், எனக்கு ஒரு வாடிக்கைக்காரி சொன்ன மாதிரி. சொல்லாமலும் இருப்பார்கள். காரைக் கோபத்தில் ஓட்டினால். ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுவாள் அவள், சின்ன வயசிலிருந்தே. மூன்று ஐம்பதுக்கு அதிர்ந்தது. "நூத்திப் பன்னெண்டு," என்றாள், வணக்கமும் இல்லை, அக்காவும் இல்லை. "நாப்பதுக்குள்ள இருக்கணுமாம். மஞ்சக்காமாலை இல்லையாம். நிறுத்தினா இறங்கிடும்னாங்க. அடுத்த வாரம் திரும்பப் பாக்கணும்." நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் அழ முடிந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நிறுத்தச் சொல்லவில்லை. பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. "எங்க இருக்கே நீ?" என்றேன். "தைப்பிங் கிட்ட, பாதி வழி வந்துட்டேன். வண்டிய நிறுத்திட்டுப் பேசறேன். எந்த வார்டு?" "எதுக்குடி இப்ப இவ்வளவு தூரம்?" "சண்டை போடத்தான். போன்ல சரியா வராது." ஏழாம் வார்டு, சன்னல் பக்கத்துக் கட்டில் என்றேன். "பாத்து ஓட்டு," என்றேன்.